காலமானவர் ஒப்புதல் மையம்

சிவக்கொழுந்து இறந்து பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. தன் மகளின் திருமணத்துக்கு அவர் இன்னும் சம்மதம் தரவில்லை.

இரண்டு முறை கேட்டாயிற்று. இரண்டு முறையும் இயந்திரத்தை இயக்கியவன் நான்தான். மூன்றாவது முறைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. அதிலும் சம்மதம் வராவிட்டால், அந்த ஆணும் பெண்ணும் ஆயுள் முழுக்க ஒரே முகவரியில் வசிப்பது குற்றம்.

மகளுக்கு வயது ஐம்பத்தொன்று. பெயர் மங்கையர்க்கரசி. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவர் மணக்க விரும்பிய பீட்டர் ஜெயசீலன் லிஃப்ட் மெக்கானிக், மனைவியை இழந்தவர், ஐம்பத்தாறு வயது. இவர்கள் இருவரும் ஓடிப்போய்க் கலாச்சாரத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று அரசாங்கம் கவலைப்பட்டது.

பெற்றோர் ஒப்புதல் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பண்பாட்டுப் பாதுகாப்புத் துறை அமைச்சர் திருமேனிநாதன். அதற்கு முன் அவர் கொண்டுவந்தவை எல்லாம் சில்லறைச் சட்டங்கள். பூங்கா பெஞ்சுகளின் நடுவே தகரத் தடுப்பு வைக்கச் சொன்னார். வெயிலில் தகரம் சூடேறி நாலைந்து பேருக்குத் தோள் வெந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் பெண்களுக்கு நூடுல்ஸ் விற்கக் கூடாது என்றார். அதற்கான காரணத்தைச் சட்டமன்றத்தில் நாற்பது நிமிடம் விளக்கினார். யாருக்கும் புரியவில்லை, ஆனால் மேசையைத் தட்டினார்கள். பிறகு, லிஃப்டில் ஆணும் பெண்ணும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்று ஒரு சட்டம். அதற்காக ஊரிலுள்ள எல்லா லிஃப்டுகளின் தரையிலும் பாத அடையாளம் ஒட்டும் வேலை பீட்டருக்குக் கிடைத்தது. அப்படி ஒட்டப்போன ஒரு கட்டடத்தில், சுவரைப் பார்த்தபடி ஒரு பெண் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். உதிரிபாகம் வந்து பழுது சரியாகும்வரை இரண்டு மணி நேரம் வெளியே உட்கார்ந்து இவர் பேச்சுக் கொடுத்தார். மங்கையர்க்கரசிக்கும் பீட்டருக்கும் காதல் இப்படித்தான் தொடங்கியது. அமைச்சர் நினைத்திருந்தால் அதை முளையிலேயே தடுத்திருக்கலாம்.

ஒப்புதல் சட்டம் வந்தபோது எதிர்க்கட்சி ஒரே ஒரு கேள்வி கேட்டது. பெற்றவர் உயிரோடு இல்லாவிட்டால் என்ன செய்வது?

“செத்துட்டாங்கங்கறது ஒரு சாக்கு” என்றார் அமைச்சர். அடுத்த பட்ஜெட்டில் எங்கள் மையம் வந்தது.

சட்டத்தின் இரண்டாம் ஆண்டு விழாவுக்கு அமைச்சர் எங்கள் மையத்துக்கே வருவதாக ஏற்பாடு. தொலைக்காட்சியில் நேரலை. முந்தின நாள் அவருடைய உதவியாளர் கதிரேசன் வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“இந்த அப்பா பெட்டி எப்படி வேலை செய்யுது? ரெண்டு வரில சொல்லுங்க. அய்யா டிவில சொல்லணும்.”

“இறந்தவர் உயிரோட இருந்தப்ப பேசின ஃபோன் கால் எல்லாம் கம்பெனிக்காரங்க சேமிப்புல இருக்கு சார். பெட்டி அத்தனையும் கேக்கும். கேட்டுட்டு, அவர் இப்ப இருந்தா எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசும்.”

“தான் செத்துட்டது அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது சார். ஏதோ ஃபோன் வந்திருக்கு, பேசறோம்னு நினைச்சுக்கும். இறந்த செய்தியச் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு.”

“சொன்னா என்ன ஆகும்?”

“ஒரு பையன் சொல்லிட்டான் சார். ‘கொள்ளி வச்சது நீயா, உங்கண்ணனா’ன்னு ஆரம்பிச்சுட்டாரு. கல்யாணப் பேச்சே வரல.”

கதிரேசன் அதை எழுதிக்கொள்ளவில்லை.

“அம்மாவுக்கும் இதே பெட்டிதானா?”

“அம்மாவுக்குப் பெட்டி கிடையாது சார். சட்டத்துல தந்தை ஒப்புதல் மட்டும்தான் கேட்டிருக்கு. அப்பா குரலைப் பிரிச்செடுக்கறப்ப அம்மா குரல் பின்னணி இரைச்சல்னு போயிடும்.”

“அதுவும் சரிதான்” என்று எழுதிக்கொண்டார். பிறகு கோப்புகளைப் புரட்டி, இரண்டு சிவப்பு முத்திரை குத்திய ஒன்றை உருவினார். “இது யாரு? ரெண்டு தடவை மறுத்திருக்காரு. இப்படிக் கண்டிப்பான மனுஷன்தான் வேணும். மூணாவது தடவையும் மறுப்பாரு. பொண்ணு கண்ணைத் தொடைச்சுக்கிட்டுக் கீழ்ப்படியும். அய்யா அதைப் பத்தி ஒரு அஞ்சு நிமிஷம் பேசுவாரு.”

“அவர் மறுக்கலைங்க சார். பேசவே இல்ல.”

“அப்புறம் சிவப்பு முத்திரை எப்படி?”

“பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள சம்மதம்னு வரலைன்னா மறுப்புன்னு அச்சாயிடும்.”

சிவக்கொழுந்து மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். நண்பர்களுடன் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார். டிரான்ஸ்பார்மர், கேரம் போட்டி, மூட்டுவலித் தைலம் என்று எல்லாம் சேமிப்பில் இருக்கின்றன. மகளிடமிருந்து மட்டும் இரண்டாயிரத்துச் சொச்சம் அழைப்புகள். ஒவ்வொன்றிலும் அவர் பேசியது நான்கு விநாடி. “இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்.”

பெட்டி கெட்டிக்காரப் பெட்டி. மகளின் குரலைக் கேட்டால் அந்த மனிதர் என்ன செய்வார் என்று மிகச் சரியாகக் கற்றுக்கொண்டிருந்தது.

“அதனால என்ன?” என்றார் கதிரேசன். “டிவில மறுப்புன்னு வந்தாப் போதும்.”

மறுநாள் காலை பத்து மணிக்கு மங்கை வந்தார். கூடவே வந்த பீட்டரை வாசலில் போலீஸ்காரர் நிறுத்தினார். சம்பந்தப்பட்ட ஆண் மையத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சாலையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. எங்கள் மையம் வந்த பிறகு முளைத்த கடை, நல்ல வியாபாரம்.

“சார்” என்று கோட்டுக்கு அப்பாலிருந்து பீட்டர் என்னைக் கூப்பிட்டார். “இந்தத் தடவையாவது மாமா ஃபோனை வச்சிடாம பாத்துக்கங்க.”

“உயிரோட இருந்தப்பவே என்னால பாத்துக்க முடியல” என்றார் மங்கை. “அவர் என்ன பண்ணுவாரு பாவம்.”

உள்ளே நடக்கும்போது மெதுவாகக் கேட்டார். “வேற யாராவது பேசினா அப்பா நல்லாப் பேசுவாரு சார். ராங் நம்பர்காரங்ககிட்டயே அரை மணி நேரம் பேசியிருக்காரு. நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதா?”

“வெளியாள் பேசினா ஆறு மாசம் உள்ள வச்சிருவாங்கம்மா.”

“அப்ப வேணாம்” என்றார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுச் சாவி இரண்டு அதன் வளையத்தில் தொங்கின. ஒன்று புதிதாக வெட்டியது. பளபளப்பு இன்னும் போகவில்லை.

அமைச்சர் பதினொன்றரைக்கு வந்தார். காமிராக்களும், கட்சிக்காரர்களும், பொன்னாடைகளும் வந்தன. இரண்டு ஆண்டுகளில் காதல் திருமணங்கள் தொண்ணூறு சதவீதம் குறைந்துவிட்டதாக அறிவித்தார். எல்லாத் திருமணங்களுமே தொண்ணூறு சதவீதம் குறைந்திருந்தன. அதை அவர் சொல்லவில்லை.

நான் இணைப்பைக் கொடுத்தேன். மங்கை ரிசீவரை எடுத்தார். ஒலிபெருக்கியில் மணி அடித்தது.

“ஹலோ.”

“அப்பா, நான்தான்.”

“இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்.”

பிறகு மௌனம்.

அந்த மௌனத்தை நான் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருக்கிறேன். அது வெறும் மௌனம் இல்லை. அதற்குள் ஒரு மின்விசிறி சுற்றுகிறது. தூரத்தில் குக்கர் விசில் அடிக்கிறது. பதினொரு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வீட்டின் கூடத்தில், ரிசீவரைக் கையில் நீட்டிக்கொண்டு, வாங்கிக்கொள்ள வரவேண்டிய ஒருத்திக்காக ஒரு மனிதர் நிற்கிறார். அவள் வரப்போவதில்லை. அவளும் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல்முறை கேட்டபோது அன்று முழுவதும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

எனக்குப் பிடிக்கும் மௌனம் தொலைக்காட்சிக்குப் பிடிக்காது. ஒரு நிமிடம் போயிற்று. செய்தியாளர் பெண், அமைச்சரைப் பார்த்தார். இரண்டு நிமிடம். படப்பிடிப்பாளர் வேறு காட்சி இல்லாமல் சுவரில் இருந்த பல்லியைக் காட்டினார். இன்னும் பதின்மூன்று நிமிடம் இப்படியே போகும் என்று நான் கதிரேசனின் காதில் சொன்னேன். அவர் அமைச்சரின் காதில் சொன்னார். மைக் இருக்கும் இடத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசாமல் இருந்து அமைச்சருக்குப் பழக்கமில்லை. சட்டென்று மங்கையின் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

“ஹலோ, ஐயா வணக்கம்.”

“யாருங்க?” சிவக்கொழுந்தின் குரலில் தெம்பு வந்தது.

“அமைச்சர் திருமேனிநாதன் பேசறேன்.”

“எந்தத் திருமேனி? மூணாவது வார்டு கவுன்சிலரா? எங்க தெரு சாக்கடைக்கு நாலு மனு குடுத்தேனே.”

“இப்ப அமைச்சரா இருக்கேங்க.”

“அப்படியா, சந்தோஷம். உங்க கட்சி எப்ப ஜெயிச்சுது?”

“இப்ப வேற கட்சிலங்க.”

“அதான பாத்தேன்” என்றார் சிவக்கொழுந்து.

“கட் பண்ணுய்யா” என்று கதிரேசன் என் தோளைப் பிடித்தார். இயக்குபவர் எக்காரணம் கொண்டும் அழைப்பைத் துண்டிக்கக் கூடாது என்ற விதியை எடுத்துக் காட்டினேன். வெளியாள் பேசக் கூடாது என்ற விதிக்குக் கீழேயே, அமைச்சர் எந்நேரமும் ஆய்வு செய்யலாம் என்று இருந்தது. இரண்டிலும் அவருடைய அய்யாவின் கையெழுத்து. படித்துவிட்டுத் தோளை விட்டார்.

“என்ன விஷயமாக் கூப்பிட்டீங்க?”

“உங்க மகள் கல்யாண விஷயமா...”

“மங்கைக்கா?” குரல் தாழ்ந்தது. “வரனா?”

அமைச்சர் பதில் சொல்வதற்குள் அவர் தொடர்ந்தார். “போன மாசம்தாங்க ஒண்ணு தட்டிப்போச்சு. நிச்சயத்துக்கு நாள் குறிச்ச பிறகு யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுட்டான். இதோட மூணு. பொண்ணுக்கு நாப்பது ஆவுது. நீங்களும் கலைக்கத்தான் கூப்பிட்டீங்களா?”

“ஐயா, அது வந்து...”

“கல்யாணத்தக் கலைக்கறவன் நல்லா இருக்க மாட்டாங்க. அவன் யாரா இருந்தாலும் சரி, எந்தப் பதவில இருந்தாலும் சரி. சொல்லுங்க, கலைக்கவா?”

அமைச்சரின் நெற்றியில் காமிரா விளக்கு விழுந்தது. நாற்பது ஆண்டு அரசியலில் அவர் குறைந்தது ஐயாயிரம் திருமணங்களில் மைக் பிடித்திருப்பார். எதிரிக் கட்சிக்காரன் வீட்டுக் கல்யாணத்திலும் வாழ்த்திவிட்டுத்தான் வந்திருப்பார். கல்யாணப் பேச்சென்று வந்துவிட்டால் அந்த நாக்குக்குத் தெரிந்தது ஒரே திசை. அது தானாகத் திரும்பியது.

“சேச்சே, என்னங்கய்யா இப்படிக் கேட்டுட்டீங்க? நான் கலைக்கறவனா? நடத்தி வைக்கத்தான் வந்திருக்கேன்.”

கதிரேசன் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“பையன் என்ன பண்றாரு?”

அமைச்சர் மங்கையைப் பார்த்தார். மங்கை சொன்னார். அமைச்சர் சொன்னார். “லிஃப்ட் இன்ஜினியருங்க.”

“மெக்கானிக்” என்று மங்கை திருத்தினார்.

“அந்த மாதிரிங்க. தங்கமான மனுஷன். குடி கிடையாது.” இதை மங்கை சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்வது.

“பேரு?”

“பீட்டருங்க.”

மின்விசிறிச் சத்தம் மறுபடி கேட்டது.

“எந்த ஊருப் பக்கம்?” என்றார் சிவக்கொழுந்து. அவர் கேட்பது ஊரை அல்ல என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

“அதெல்லாம் இந்தக் காலத்துல யாருங்க பாக்கறா?” என்றார் அமைச்சர், நேரலையில். “மனசுதாங்க முக்கியம். நாளைக்கு உங்க பொண்ணு ராத்திரி காய்ச்சல்ல கிடந்தா, ஜாதியா வந்து கஞ்சி வச்சுக் குடுக்கும்?”

கட்சிக்காரர் ஒருவர் பழக்கத்தில் கைதட்டிவிட்டு, சுற்றும்முற்றும் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டார்.

“நீங்க சொல்றது நியாயந்தான்” என்று சிவக்கொழுந்து இழுத்தார். “ஆனா வீட்ல கேக்காம நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.”

“நீங்கதானங்க அப்பா. நீங்க சொன்னா முடிஞ்சுது.”

“நான் என்னத்தச் சொல்ல? கல்யாணமான நாள்லேருந்து அவ முடிவு பண்ணுவா, நான் வெளில வந்து சொல்லுவேன். எல்லா வீட்லயும் அப்படித்தான? உங்க வீட்ல எப்படி?”

கடிகாரத்தில் நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது. மங்கை குனிந்து அமைச்சரிடம் மெதுவாகப் பேசினார். ஒலிவாங்கியில் அது விழவில்லை, எனக்குக் கேட்டது.

“அம்மாவுக்குப் பீட்டரைத் தெரியும் ஐயா. அம்மா சரின்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாங்க. பொய் இல்ல. கடைசி பாதிய மட்டும் விட்டுட்டுச் சொல்லுங்க.”

அமைச்சர் ரிசீவரை நெருக்கிப் பிடித்தார். “ஐயா, உங்க வீட்டம்மா சரின்னுட்டாங்க.”

“அவ சொன்னாளா? பையனைப் பாத்தாளா?”

“பாத்தாங்களாம். பிடிச்சிருந்துதாம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க” என்றார். குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. “அப்படின்னா எனக்குச் சம்மதம். ஆனா ஒண்ணு. நடுவுல எவனாவது கலைச்சிருவான். நீங்களே வந்து, சாட்சிக் கையெழுத்துப் போட்டு, முன்ன நின்னு நடத்தி வைக்கணும்.”

“கண்டிப்பாங்கய்யா” என்றது அமைச்சரின் நாக்கு. “பொண்ணு பக்கத்துலதான் இருக்கு. குடுக்கட்டுங்களா?”

“வேணாம் வேணாம்” என்று பதறினார் சிவக்கொழுந்து. “நீங்களே சொல்லிடுங்க.”

“என்னன்னு சொல்ல?”

“என்னத்தச் சொல்ல... சொல்லிடுங்களேன்.”

இணைப்பு அறுந்தது. அமைச்சர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு மங்கையிடம் திரும்பினார். “உங்கப்பா சொல்லச் சொன்னாரும்மா” என்றார். மங்கை தலையாட்டினார். பெட்டி பச்சைத் தாளை அச்சடித்தது. நிபந்தனையுடன் கூடிய சம்மதம். நிபந்தனையை நிறைவேற்றக் காலக்கெடு முப்பது நாள்.

அடுத்த நாள் ஊர் முழுக்க எதிர்க்கட்சியின் சுவரொட்டிகள். ‘அதெல்லாம் யாருங்க பாக்கறா’ என்று அமைச்சர் ரிசீவருடன் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய கட்சி அவரிடம் விளக்கம் கேட்டது. தான் கொடுத்தது ஓர் அரசியல் வாக்குறுதி மட்டுமே, அதற்கு விதிவிலக்கு உண்டா என்று அவர் சட்டத் துறைக்கு எழுதினார். சட்டத் துறை, ஒப்புதல் சட்டத்தின் நாற்பத்து மூன்றாம் பிரிவை அனுப்பிவைத்தது. தந்தையின் நிபந்தனையை ஏற்றுக்கொண்டு மீறுகிறவருக்கு மூன்றாண்டுச் சிறை. சம்மதமும் ரத்து. அந்தப் பிரிவை அவர் சட்டமன்றத்தில் படித்தபோது மேசைகள் உடையும் அளவுக்குத் தட்டியிருந்தார்கள்.

இருபத்தொன்பது நாள் அமைச்சரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மங்கை தினமும் என்னைத் தொலைபேசியில் கேட்பார். எனக்குத் தெரிந்த அளவு அவருக்கும் தெரியும். இருவரும் அதையே சொல்லிக்கொள்வோம். பிறகு வைத்துவிடுவோம்.

முப்பதாம் நாள் சார்பதிவாளர் அலுவலகம். மையத்தின் சார்பில் பச்சைத் தாளைச் சரிபார்க்க நான் போக வேண்டியிருந்தது. பீட்டர் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு வேர்த்துக்கொண்டிருந்தார். மங்கை மாம்பழ நிறப் பட்டுச்சேலை கட்டியிருந்தார். நான்கு மணிக்குப் பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கரைக்கு மறுபடி பார்த்தார்.

“அஞ்சு மணிக்கு ரிஜிஸ்டரை மூடணும்மா.”

“வருவாரு” என்றார் பீட்டர். “ஜெயிலுக்குப் போற அளவுக்கு அவருக்குக் கொள்கைப் பிடிப்பு கிடையாது.”

நான்கு ஐம்பதுக்குப் பின்வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அமைச்சர் கட்சித் துண்டு இல்லாமல், கதிரேசன் இல்லாமல், காமிரா இல்லாமல் இறங்கினார். துண்டில்லாத தோளுடன் பார்க்க ஏதோ ஒரு வீட்டின் பெரியவர் போல இருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், “எங்க போடணும்?” என்று பேனாவை எடுத்தார்.

கையெழுத்துப் போட்டார். பதிவாளர் பக்கத்துக் கட்டத்தைக் காட்டினார். “மணமகளுக்கு என்ன உறவுன்னு எழுதுங்க சார்.”

“உறவெல்லாம் இல்ல. சும்மா சாட்சிதான்.”

“சும்மா சாட்சி செல்லாது சார். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வந்து கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணி வைக்கறாங்கன்னு, ரத்த உறவு மட்டும்தான் போடணும்னு மாத்திட்டீங்க.”

அமைச்சர் பேனாவை மூடினார். திறந்தார். “தாய்மாமன்னு போடவா?”

“போடலாம் சார். வம்சாவளிச் சான்று, ஜாதிச் சான்று, ரத்தப் பரிசோதனை அறிக்கை மூணும் வேணும். பெரியப்பா, சித்தப்பா, அண்ணன், தம்பி, எல்லாத்துக்கும் அதேதான்.”

“எதுவும் கேக்காத உறவு ஒண்ணுகூட இல்லையா?”

பதிவாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பட்டியலில் விரலை ஓட்டினார். கடைசி வரியில் விரல் நின்றது. “தாய்க்கு மட்டும் சான்று எதுவும் கேக்கல சார்.”

“ஏன்?”

“தெரியல சார். வரைவு போட்டப்ப யாரும் அவங்களப் பத்தி யோசிக்கல போல.”

கடிகாரத்தில் நான்கு ஐம்பத்தாறு. பீட்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் குலுங்கின. மங்கை சிரிக்கவில்லை. அமைச்சர் அவரைப் பார்த்தபோது, மிக மரியாதையாக, “போடுங்க ஐயா” என்றார். “அன்னிக்கு ஃபோன வாங்கி அம்மா வேலையத்தான பாத்தீங்க.”

அமைச்சர் எழுதினார். பதிவாளர் அதைப் படித்தார், தேதியைச் சரிபார்த்தார், முத்திரையை ஊதி அழுத்தினார். ஆவணத்தோடு சேர்க்க ஒரு குடும்பப் புகைப்படம் கட்டாயம். மூலையில் காத்திருந்த புகைப்படக்காரர் பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் யார் நிற்க வேண்டும் என்று கையசைத்தார்.

“பையன் நேரா நில்லுங்க. பொண்ணு கொஞ்சம் முன்னாடி. பொண்ணோட அம்மா இந்தப் பக்கம் வாங்க.”

அமைச்சர் நகர்ந்து மங்கையின் பக்கத்தில் வந்து நின்றார்.